எடை மேடை ஆட்-ஆனில் இருந்த ஓட்டை: ஒரு சேகோ மில் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் உள்ள ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லில் 2025 ஜனவரியில் நடந்தது இது. மில்லின் பெயர், ஆட்களின் பெயர், மென்பொருள்களின் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. மில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த மில்லுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். கீழே வரும் தவறுகளில் சில என்னுடையவை.

சேகோ மில் நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் லாரி எடை மேடையில் ஏறும். மாதிரிக் கிழங்கை எடுத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். எடையும் பாயிண்ட்டும் சேர்ந்துதான் விவசாயிக்கு என்ன விலை என்று முடிவாகும். வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே கறுத்துவிடும். அதனால் சீசனில் எந்தக் காரணத்துக்காகவும் எடை மேடையை நிறுத்த முடியாது. நாங்கள் பின்னால் எடுத்த முடிவுகளெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருந்தன.

2023 வரை எடைச் சீட்டு கையெழுத்தில்தான். சாயங்காலம் கணக்கு பார்க்கும் அக்கா ஒவ்வொரு சீட்டாக கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது சீட்டு, எழுத்து புரியாமல் சண்டை, பாயிண்ட் மாறிப்போய் மறுபடி சண்டை. அந்த வருஷம்தான் ஒரு ஆட்-ஆன், அதாவது கணக்கு மென்பொருளோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருள், வாங்கினோம். எடை மேடை இண்டிகேட்டரிலிருந்து எடையை நேராக எடுத்து, பாயிண்ட்டைச் சேர்த்து, தொகையைப் போட்டு, கணக்கு மென்பொருளில் பில்லாகப் பதிந்துவிடும். வாரக் கடைசியில் விவசாயிகளின் கணக்குக்குப் பணம் அனுப்ப பேங்குக்கு ஏற்றவேண்டிய நெஃப்ட் ஃபைலையும் அதுவே தயாரித்துக் கொடுக்கும்.

மூன்று நிறுவனங்களின் ஆட்-ஆன்களைப் பார்த்தோம். இதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நான். கணக்கு மென்பொருள் நிறுவனமே சான்றளித்த ஆட்-ஆன் இது ஒன்றுதான் என்பதுதான் நான் சொன்ன காரணம். மற்ற இரண்டையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. சான்றிதழைப் பார்த்ததும் இதையும் திறந்து பார்க்கவில்லை.

நிறுவியபோது செய்த மூன்று காரியங்கள்

டீலரின் ஆள் வந்து அரை நாளில் நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மூன்று காரியங்கள் நடந்தன. மூன்றும் அப்போது சாதாரணமாகவே பட்டன.

கணக்கு மென்பொருளுக்குள் நுழைய ஆட்-ஆனுக்கு ஒரு யூசர் வேண்டும், அதற்கு எல்லா உரிமையும் இருக்கவேண்டும் என்றார். புது யூசர் உருவாக்காமல், எடை அறையில் வேலை பார்த்த பையனின் யூசரையே கொடுத்தோம். அதற்காக அந்தப் பையனின் யூசருக்கு முழு உரிமையும் கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, முதலாளி சம்பந்தப்பட்டது. அவருக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். கிழங்கு சீசனும் காப்பி பழம் பறிக்கும் சீசனும் ஒன்றாகவே வரும். மலை மேலிருந்து மொபைலில் அன்றைய டன் கணக்கைப் பார்க்கவேண்டும் என்றார். ஆட்-ஆனில் அதற்கு ஒரு பக்கம் இருந்தது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, அதாவது இணையத்திலிருந்து வரும் அழைப்பை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டு, அதை வெளியிலிருந்து திறக்கும்படி செய்தோம். டீலரின் ஆள் எண்ணைச் சொன்னார், அடித்தவன் நான்.

மூன்றாவது, ஆட்-ஆன் ஓடிய கம்ப்யூட்டரும் எடை அறை வைஃபையும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. லாரி டிரைவர்கள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள் என்று வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றரை வருஷமாக அது அங்கேயே இருந்தது.

முதல் புகார்

ஜனவரி 8, புதன்கிழமை. பொங்கலுக்கு இன்னும் ஆறு நாள். தலைவாசல் பக்கத்து விவசாயி ஒருவர் ஆபீசுக்குப் போன் பண்ணினார். “ஏனுங்கம்மா, சனிக்கிழமையே போட்டாச்சுன்னு சொன்னீங்க. பேங்க்ல போயி புக்கு அடிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுமே ஏறலீங்களே.”

கணக்கு பார்க்கும் அக்கா பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்தார். ஜனவரி 4-ஆம் தேதியே பணம் போயிருந்தது, ரிட்டர்னும் ஆகவில்லை. போன கணக்கு எண்ணைப் படித்துக் காட்டினார். அது தன்னுடையது இல்லை என்றார் விவசாயி. பழைய காகிதக் கோப்பில் ஒட்டியிருந்த பாஸ்புக் நகலை எடுத்துப் பார்த்தால், அவர் சொன்னது சரி. கம்ப்யூட்டரில் இருந்த எண்தான் வேறு. ஐஎஃப்எஸ்சி கோடும் வேறு மாநிலத்துக் கிளையைக் காட்டியது.

நெஃப்டில் கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான் வரவு வைப்பார்கள், பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. பணம் அனுப்பும் முன் கணக்குக்காரரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. எங்கள் பணம் போனது அதற்கு மூன்று மாதம் முன்பு.

அன்று மதியமே மற்ற எண்களையும் கோப்போடு ஒத்துப் பார்த்தோம். மொத்தம் மூன்று பேருடைய கணக்கு எண் மாறியிருந்தது. அதில் இருவருக்கு அந்த வாரம் பணம் போயிருக்கிறது: 1,12,400 ரூபாயும் 94,850 ரூபாயும். மூன்றாமவர் அந்த வாரம் லோடு கொண்டுவரவில்லை, தப்பித்தார்.

சந்தேகம் போன இடம்

மில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் வசதி) இருந்தாகவேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது என்பது சட்டம். எனவே யார், எப்போது மாற்றினார்கள் என்பது பதிவாகியிருந்தது. ஜனவரி 3, அதிகாலை 2.14. யூசர் பெயர், எடை அறைப் பையனுடையது.

முதலாளி அன்று மாலையே மலையிலிருந்து இறங்கி வந்தார். பையனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்டார். அவன் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். ஆபீஸ் பூட்டியிருந்தது. “வீட்டுல இருந்தே ரிமோட்ல பண்ணியிருக்கலாமில்ல?” என்று முதலாளி என்னைப் பார்த்தார். முடியும் என்றேன். தொழில்நுட்பப்படி உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். ஆட்-ஆனும் அதே யூசரில்தான் ஓடுகிறது என்பது அப்போது எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அந்த யூசரைக் கொடுத்தவர்களே நாங்கள்தான்.

அன்றிரவு நான் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். வைரஸ் என்றால் எங்கள் தொழிலில் கை தானாக அதற்குத்தான் போகும். அக்கா விடவில்லை. “ஆடிட்டர் கேட்பாரு, போலீஸ் கேட்கும், அதுல என்ன இருக்கோ அப்படியே இருக்கட்டும் தம்பி” என்றார். ஹார்டு டிஸ்க்கை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, அதன் நகலை வைத்து வேலையைத் தொடர்ந்தோம். அவர் தடுத்திராவிட்டால் இந்த எழுத்தில் பாதி இருந்திருக்காது.

மறுநாள் காலையில் எடிட் லாக்கை அச்செடுத்து மேசையில் விரித்துப் பார்த்தேன். மூன்று விவசாயிகளின் பதிவு, ஒவ்வொன்றிலும் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும், ஆக ஆறு மாற்றங்கள். ஆறுக்கும் ஒரே நேரம், விநாடிகூட மாறவில்லை. ஒரு லெட்ஜரைத் திறந்து, எண்ணை அடித்து, சேமிக்க அக்காவுக்கே அரை நிமிஷம் ஆகும். இதைச் செய்தது கை அல்ல, புரோகிராம்.

பையனை அன்று மதியமே கூப்பிட்டுவிட்டோம். முதலாளி அவனிடம் தனியாகப் பேசினார். நாலு பேர் முன்னால் கேட்டது நாலு பேர் முன்னால்தான் திரும்பியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எடை அறையில் பார்த்தது

எடை அறை எட்டடிக்கு எட்டடி. ஜன்னல் வழியாகக் கிழங்குத் தோலின் புளித்த வாடை வரும். கீபோர்டின் சந்துகளில் வெள்ளையாக மாவு. அந்தக் கம்ப்யூட்டரில் நெட்ஸ்டாட் (நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். ஆட்-ஆன் ஒரு போர்ட்டை (நெட்வொர்க்கில் பேசுவதற்கான வாசல்) திறந்து வைத்திருந்தது, பக்கத்தில் 0.0.0.0 என்று காட்டியது. 127.0.0.1 என்று இருந்தால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் பேச்சை மட்டும் கேட்கும். 0.0.0.0 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்கும். நிறுவும்போதே விண்டோஸ் ஃபயர்வாலிலும் தனக்கு வழி விட்டுக்கொண்டிருந்தது.

சுவரில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு என் மொபைலை வைஃபையில் இணைத்தேன். பிரவுசரில் கம்ப்யூட்டரின் முகவரியையும் போர்ட் எண்ணையும் அடித்தேன். முதலாளி பார்க்கும் டன் கணக்குப் பக்கம் வந்தது, லாகின் கேட்டது. அதுவரை சரி. அந்தப் பக்கம் பின்னால் எந்த முகவரியிலிருந்து தகவலை எடுக்கிறது என்று பார்த்து, அதை நேராக அடித்தேன். லாகின் எதுவும் கேட்கவில்லை. விவசாயிகளின் பெயர், ஊர், மொபைல், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எல்லாம் வரிசையாகத் திரையில் ஓடின. முன்வாசலில்தான் பூட்டு, பின்கட்டில் கதவே இல்லை. கூட நின்ற முதலாளி என் கையிலிருந்து மொபைலை வாங்கி, தானே கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

படிக்க முடிகிறது, மாற்றவும் முடியுமா? நகல் எடுத்த டிஸ்க்கில் ஒரு பொய் விவசாயியை உருவாக்கி, வேறு கம்ப்யூட்டரிலிருந்து அவன் கணக்கு எண்ணை மாற்றும்படி அதே போர்ட்டுக்கு நாலு வரி அனுப்பினேன். மாறியது. எடிட் லாக்கில் எடை அறைப் பையனின் பெயரில் பதிவானது.

இன்னும் இரண்டு ஓட்டைகள் கிடைத்தன. ஆட்-ஆனின் அமைப்புக் கோப்பில் அதன் சொந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்பட்டமாக எழுதியிருந்தது. அதே ஆட்-ஆனை வைத்திருக்கும் ஒரு அரிசி ஆலையில், அவர்கள் அனுமதியோடு பார்த்தேன். அங்கும் அதே பாஸ்வேர்டு. அப்படியானால் வாங்கிய எல்லாரிடமும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அடுத்தது, புதுப்பிப்பை அது குறியாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி வழியாக இறக்கியது. இறங்கிய கோப்பு தயாரிப்பாளர் அனுப்பியதுதானா என்று டிஜிட்டல் கையொப்பம் எதையும் சோதிக்கவில்லை. நடுவில் யாராவது வேறு கோப்பைக் கொடுத்தாலும் வாங்கி நிறுவிக்கொள்ளும்.

வந்தவர் வெளியிலிருந்து போர்ட் ஃபார்வர்டிங் வழியாக வந்தாரா, எடை அறை வைஃபை வழியாக வந்தாரா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. ரவுட்டரில் பதிவு இல்லை. நெட் மெதுவானால் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் பதிவுகள் அழிந்திருக்கின்றன. கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. எங்களிடம் ஆறு நாள் பதிவுகூட இல்லை.

லாரிகள் நிற்கும்போது எடுத்த முடிவுகள்

ஓட்டை எங்கே என்று தெரிந்த நேரத்தில் மில் வாசலில் பதினேழு லாரிகள் நின்றன. ஆட்-ஆனை உடனே நீக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. நீக்கினால் பில், பாயிண்ட், பாக்கி எல்லாம் நின்றுவிடும், இறக்காத கிழங்கு நாளைக்குக் கறுக்கும் என்பது முதலாளியின் கட்சி. இருவர் சொன்னதும் சரி.

கடைசியில் எடுத்த முடிவு: ஆட்-ஆன் ஓடட்டும், ஆனால் யாரோடும் பேசக்கூடாது. எடை அறைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினோம். அதில் தனியாக ஒரு கணக்கு நகலை வைத்து, எடையும் பில்லும் அங்கேயே போட்டு, சாயங்காலம் பென் டிரைவில் ஆபீசுக்குக் கொண்டுபோகும்படி செய்தோம். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்கினோம். முதலாளிக்கு டன் கணக்கு இனி வாட்ஸ்அப்பில் ஒரு வரி. சுவரில் இருந்த பாஸ்வேர்டை ஈரத் துணியால் துடைத்தார்கள்.

பணம் அனுப்புவதில்தான் அதிகம் யோசித்தோம். ஆட்-ஆன் தயாரிக்கும் பேங்க் ஃபைலை நிறுத்தினால் அறுபது பேருக்குப் பொங்கல் பணம் தள்ளிப்போகும். ஒரு தடவை தள்ளினால் அடுத்த லோடு வேறு மில்லுக்குப் போய்விடும், சீசன் முழுக்கத் திரும்பாது. அக்காவும் இன்னொரு பெண்ணும் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொருவர் எண்ணையும் காகிதக் கோப்பில் இருந்த பாஸ்புக் நகலோடு ஒத்துப் பார்த்து, சந்தேகம் வந்தவர்களுக்குப் போன் பண்ணிக் கேட்டு, புதிதாக ஒரு பட்டியல் தயார் செய்தார்கள். 11-ஆம் தேதி சனிக்கிழமை எல்லாருக்கும் பணம் போனது. ஏமாந்த இருவருக்கும் மில் தன் கையிலிருந்து முழுத் தொகையையும் போட்டது. “அவங்க கிழங்கு நம்ம மில்லுல எறங்கியாச்சு. திருடன் கிட்டப் போனது நம்ம பணம்தானே, அவங்க பணமா?” என்றார் முதலாளி. அந்தக் கணக்கில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு 8-ஆம் தேதி மாலையே கூப்பிட்டோம், இணையத்திலும் புகார் பதிந்தோம். பணம் போய் நாலு நாள் ஆகியிருந்தது. செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுத்தது 10-ஆம் தேதி. சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும் என்பது விதி. அந்த விதி இருப்பதே எனக்கு 10-ஆம் தேதி காலையில்தான் தெரியும்.

சான்றிதழ் எதைச் சான்றளித்தது

தயாரிப்பாளருக்குப் போன் போட்டபோது வந்த முதல் பதில், “சார், சர்ட்டிஃபைடு ப்ராடக்ட், சான்ஸே இல்ல.” நானும் ஒன்றரை வருஷம் முன்பு முதலாளியிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தேன்.

பிறகு சான்றிதழுக்கான சோதனைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆட்-ஆன் ஒழுங்காக நிறுவப்படுகிறதா, நீக்கினால் ஒழுங்காகப் போகிறதா, தாய் மென்பொருளின் (அது ஒட்டி ஓடும் கணக்கு மென்பொருளின்) கணக்குகளைச் சிதைக்காமல் இருக்கிறதா, அது வெளியிட்ட வழிகளை மட்டும் பயன்படுத்துகிறதா, புதுப் பதிப்போடு ஒத்துப்போகிறதா. எல்லாமே தேவையான சோதனைகள்தான், ஆட்-ஆனும் நேர்மையாகத் தேறியிருந்தது. திறக்கும் போர்ட்டுக்குப் பூட்டு உண்டா, பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது, புதுப்பிப்பு எப்படி வருகிறது என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. சான்றிதழ் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் அது சொல்லாததையும் சேர்த்துப் படித்தோம்.

எங்கள் எடை மேடைக்கு வருஷா வருஷம் எடையளவு அதிகாரிகள் வந்து முத்திரை போடுகிறார்கள். மேடை சரியாக நிறுக்கிறது என்பதற்கு அது சான்று. லாரியில் கிழங்கோடு எவ்வளவு மண் இருக்கிறது என்று முத்திரையிடம் யாரும் கேட்பதில்லை, அதற்குத் தனியாக ஆள் நின்று பார்க்கிறான். கண் முன்னால் தினம் நடக்கும் இந்த வித்தியாசம் மென்பொருள் என்று வந்ததும் எனக்கு மறந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. சான்றிதழ் வாங்கிய பதிப்புக்கும் எங்களிடம் ஓடிய பதிப்புக்கும் நடுவில் ஏழு புதுப்பிப்புகள். முதலாளிக்கான மொபைல் பக்கமே நடுவில் சேர்ந்ததுதான். அந்த ஓட்டை சோதனைக்கு வந்த பெட்டியிலேயே இல்லை. தயாரிப்பாளரின் கையொப்பத்தோடு, முறையான வழியில் வந்த புதுப்பிப்பே கெட்டுப்போய் வரலாம் என்பதை 2020-இல் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தில் உலகம் பார்த்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு அது போனது. எங்கள் ஆட்-ஆனில் அந்தக் கையொப்பமாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

தயாரிப்பாளர், தாய் நிறுவனம்

தயாரிப்பாளரை வீடியோ காலில் உட்காரவைத்து, நகல் டிஸ்க்கில் பொய் விவசாயியின் எண்ணை மாற்றிக் காட்டிய பிறகு பேச்சு மாறியது. ஓட்டையை அடைக்க நாங்கள் 90 நாள் அவகாசம் கொடுத்தோம், அதுவரை வெளியில் பேசமாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தோம். அதே ஆட்-ஆன் எத்தனை மில்களில், எத்தனை ஆலைகளில் ஓடுகிறதோ, அவர்கள் கதவெல்லாம் இன்னும் திறந்தே இருந்தது. எந்த இடத்தில் கதவு இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டால் அவர்களுக்குத்தான் ஆபத்து. விவரத்தைச் செர்ட்-இன்னுக்கும் அனுப்பினோம்.

ஐந்தாவது வாரம் புதுப் பதிப்பு வந்தது. போர்ட் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் பேசும்படி மாறியிருந்தது, தகவல் கேட்பவரிடம் டோக்கனும் (அனுமதிக்கான ரகசியக் குறியீடு) கேட்டது. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பது அதற்கு அடுத்த பதிப்பில்தான் போனது. தாய் நிறுவனம், அதாவது சான்றளித்த கணக்கு மென்பொருள் நிறுவனம், முதலில் சான்றிதழ் ஒத்திசைவுக்கு மட்டுமே பொறுப்பு என்று இரண்டு வரியில் பதில் போட்டது. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, புதுப் பதிப்பு வரும்வரை ஆட்-ஆனைத் தன் பட்டியலிலிருந்து எடுத்து வைத்திருந்தது. மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தயாரிப்பாளர் அனுப்பிய செய்தியில் “செயல்திறன் மேம்பாடு” என்று மட்டும் இருந்தது. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அவசரம் என்று தெரியாத புதுப்பிப்பைச் சீசன் நடுவில் எந்த மில்லும் போடாது.

பணம்

போன 2,07,250 ரூபாயில், இரண்டாவது கணக்கில் எடுக்காமல் மிச்சமிருந்த 38,000 ரூபாயை வங்கி முடக்கியது. நீதிமன்ற உத்தரவு வாங்கி அது கைக்கு வரப் பல மாதம் ஆனது. மற்றது திரும்பவில்லை. பணம் போய்ச் சேர்ந்த கணக்குகள் வாடகைக்கு விடப்பட்டவை என்றார்கள். அதற்கு மேல் யாரையும் பிடித்ததாகத் தகவல் இல்லை.

இப்போது எப்படி நடக்கிறது

ஆட்-ஆனுக்குத் தனி யூசர் இருக்கிறது. பில் போட மட்டும்தான் அதற்கு உரிமை, கணக்கு எண்ணைத் தொட முடியாது. எண்ணை மாற்றவேண்டுமென்றால் விவசாயி பாஸ்புக்கோடு வரவேண்டும் அல்லது பழைய மொபைல் எண்ணிலிருந்து பேசவேண்டும். அக்கா மாற்றுவார், இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பார். பேங்க் ஃபைலை ஏற்றுமுன் போன வார ஃபைலோடு ஒப்பிட்டு, மாறிய எண்களை மட்டும் காட்டும் ஒரு சின்ன எக்செல் தாள் செய்து கொடுத்தேன். அதைச் செய்ய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. டிசம்பரிலேயே செய்திருந்தால் 4-ஆம் தேதி காலையிலேயே பிடித்திருப்போம்.

டிரைவர்களுக்கான வைஃபை தனி இணைப்பு, மில் நெட்வொர்க்கோடு தொடர்பில்லை. ரவுட்டர் பதிவுகள் வேறொரு கம்ப்யூட்டரில் சேருகின்றன. எடை அறையின் கேபிளை மறுபடி சொருகலாம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார், நாங்கள் இன்னும் சொருகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பையன்தான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு மில்லைச் சுற்றி ஆபீசுக்கு நடக்கிறான்.

எந்த ஆட்-ஆன் வாங்கினாலும் தயாரிப்பாளரிடம் எழுத்தில் பதில் கேட்க ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்தப் பதிப்புக்குச் சான்றிதழ், அதன் பின் என்ன சேர்ந்தது, எந்தப் போர்ட்டைத் திறக்கிறது, யாருக்குத் திறக்கிறது, புதுப்பிப்பில் கையொப்பம் உண்டா, ஓட்டை தெரிந்தால் யாருக்கு எழுதுவது. இந்த ஆட்-ஆனின் தயாரிப்பாளருக்கும் அதை அனுப்பினேன். சான்றிதழ் பற்றிய கேள்விக்கு அரைப் பக்கம் பதில் வந்தது. புதுப்பிப்பின் கையொப்பம் பற்றிய கேள்விக்கு எதிரே “அடுத்த பதிப்பில்” என்று எழுதியிருக்கிறார்கள்.